காசிக்குப் போன இண்டியானா ஜோன்ஸ்

அடையாறு பிரம்மஞான சபையைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜே. கிருஷ்ணமூர்த்தியைத் தேடப் போய்க் கடைசியில் வந்து நின்ற இடம் இண்டியானா ஜோன்ஸ். சாட்டை, தொப்பி, பாம்பைக் கண்டால் பயம்... அதே இண்டியானா ஜோன்ஸ்தான். அவர் 10 வயதில் காசியில் கிருஷ்ணமூர்த்தியைச் சந்தித்தார் என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் சொல்கிறது. இது என்னடா கூத்து என்று பார்க்க உட்கார்ந்தவன், தொடரை முழுசாக முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் பின்னணி. 1989இல் வந்த மூன்றாவது படத்தின் தொடக்கம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். 1912, யூட்டா மாநிலம். சாரணர் உடையில் ஒரு பையன், ரிவர் ஃபீனிக்ஸ் நடித்தது, திருடர்களிடமிருந்து ஒரு பழைய சிலுவையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அந்த ஒரே ஓட்டத்தில் சாட்டை, தொப்பி, முகவாய்த் தழும்பு, பாம்புப் பயம் எல்லாம் அவனுக்கு வந்துவிடுகின்றன. ஒரு மனுஷனின் குணம் முழுக்க ஒரே நாளில் கிடைத்துவிடும் என்றால் எவ்வளவு சௌகரியம்!

ஜார்ஜ் லூகாஸ் அங்கிருந்துதான் நூலைப் பிடித்தார். ஆனால் 1992 மார்ச்சில் ஏபிசி தொலைக்காட்சியில் 'தி யங் இண்டியானா ஜோன்ஸ் க்ரானிக்கிள்ஸ்' என்ற பெயரில் வந்த தொடர் நேர் எதிர்த் திசையில் போனது. தொப்பி எப்படி வந்தது என்பதில் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. இவன் என்ன கற்றுக்கொண்டான் என்பதுதான் அதன் கேள்வி. பேராசிரியரான அப்பா உலகம் முழுக்கச் சொற்பொழிவாற்றப் போகிறார். கூடவே அம்மா, கண்டிப்பான ஆசிரியை மிஸ் சீமோர், பையன். சிறுவனாக கோரி கேரியர். 16 வயதுக்கு மேல் ஷான் பேட்ரிக் ஃப்ளானரி. 93 வயதுத் தாத்தாவாக, ஒரு கண்ணை மூடிய பட்டையோடு ஜார்ஜ் ஹால். 1993இல் ஏபிசி தொடரை நிறுத்திவிட்டது. அதன்பின் 1996 வரை சில தொலைக்காட்சிப் படங்கள் வந்தன, அவ்வளவுதான்.

பையன் சந்திக்கும் ஆட்களின் பட்டியல் இருக்கிறதே, அது தலைசுற்ற வைக்கும். வியன்னாவில் ஃபிராய்ட், யுங், ஆட்லர் மூவரோடும் ஒரே மேசையில் சாப்பாடு. ரஷ்யாவில் டால்ஸ்டாய். பாரிசில் பிக்காசோ. வாலிபனானதும் மெக்சிகோவில் பஞ்சோ வில்லா, பிறகு பெல்ஜியப் படையில் சேர்ந்து சோம், வெர்டன் போர்க்களங்கள், ஆப்பிரிக்காவில் ஆல்பர்ட் ஷ்வைட்சர், இத்தாலியில் ஹெமிங்வே. கல்யாண ஆல்பத்தைப் புரட்டுகிற மாதிரி இருக்கும். இவர் யாரு, அவர் யாரு, பக்கத்தில் நிற்பது நம்ம பையன்.

தொடரின் மேல் எல்லோரும் வைக்கும் குற்றச்சாட்டு இதுதான். இத்தனை பெரிய மனிதர்களை ஒரே ஆள் எப்படிச் சந்திக்க முடியும்? நியாயமான கேள்விதான். ஆனால் முதலில் ஒளிபரப்பான வடிவத்தில் அதற்கு ஒரு பதில் இருந்தது. அந்தப் பதில் தாத்தா.

அந்த வடிவத்தில் பல கதைகளின் முன்னும் பின்னும் 93 வயது இண்டி வருவார். 1990களின் அமெரிக்காவில் நடமாடும் ஒரு கிழவர். யார் கிடைத்தாலும் பிடித்து வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்துவிடுவார். சிலர் கேட்பார்கள், சிலர் நெளிவார்கள். எனக்கு உடனே என் தாத்தாதான் ஞாபகம் வந்தார். எங்கள் ஊர் ஸ்டேஷனில் ரயில் நின்றபோது ஜன்னல் வழியாகக் காந்திக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்ன வருஷத்தில் காந்தி அந்தப் பக்கமே வரவில்லை என்று நான் பிறகு தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதனால் தாத்தா பொய்யர் ஆகிவிடுவாரா? அந்தக் கதையில் ரயில் உண்மை, கூட்டம் உண்மை, அந்தக் காலத்துத் தாகம் உண்மை. சொம்பு மட்டும்தான் இடிக்கிறது.

கிழ இண்டி சொல்லும்போது ஃபிராய்டும் டால்ஸ்டாயும் அந்தச் சொம்பு மாதிரி ஆகிவிடுகிறார்கள். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். 'தாத்தா அளக்கிறார்' என்று சிரித்துக்கொண்டே நாம் வரலாற்றைக் கேட்டுவிடுகிறோம். ஆனால் 1999இல் வீடியோ கேசட்டாக வெளியிடும்போது லூகாஸ் தரப்பு தொடரை வெட்டி ஒட்டி 22 முழுநீளப் படங்களாக ஆக்கியது. தாத்தாவைத் தூக்கிவிட்டார்கள். இன்று கிடைக்கும் வடிவம் அதுதான். தாத்தா போனதும் கதை சொல்பவர் போய்விட்டார். அளப்பு என்று இருந்தது நடந்த சம்பவம் ஆகிவிட்டது. என் கணக்கில் இந்தத் தொடருக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் இதுதான், பார்வையாளர் எண்ணிக்கை குறைந்தது அல்ல.

சரி, காசிக்கு வருவோம்.

'பெனாரஸ், ஜனவரி 1910' என்ற கதையை இயக்கியவர் தீபா மேத்தா. 'ஃபயர்' எடுத்த அதே தீபா மேத்தாதான், அதற்குச் சில வருஷம் முன்பு. கதையில் இண்டி குடும்பம் காசிக்கு வருகிறது. அங்கே அன்னி பெசன்ட், லெட்பீட்டர், கூடவே உலக குரு ஆகப் போகிறவர் என்று அவர்கள் நம்பும் சிறுவன் கிருஷ்ணமூர்த்தி. இரண்டு பையன்களும் சிநேகமாகிறார்கள். மிஸ் சீமோருக்கு இந்தச் சபைக்காரர்கள் மேல் சந்தேகம். இண்டிக்குப் பல மதங்களின் வாசல் திறக்கிறது.

இப்போது என் குறிப்பேட்டை எடுக்கிறேன். 1910 ஜனவரியில் கிருஷ்ணமூர்த்தி காசியில் இல்லை. அடையாறில் இருந்தார். பெசன்ட்தான் காசியில் இருந்தார். அந்த மாதம் இரண்டாம் வாரத்தில் கிருஷ்ணமூர்த்திக்கு முதல் தீட்சை என்று சபையினர் சொல்லும் சடங்கு நடந்தது, அதுவும் அடையாறில் பெசன்ட்டின் அறையில், அவர் ஊரில் இல்லாதபோது. பையனைப் பெசன்ட் காசிக்கு அழைத்துப் போனது அதே வருஷம் பிற்பகுதியில். சபையின் இந்தியக் கிளையும் பெசன்ட் தொடங்கிய மத்திய இந்துக் கல்லூரியும் காசியில் இருந்ததால் ஊர்த் தேர்வில் தப்பில்லை. மாதம்தான் இடிக்கிறது. தாத்தா சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

தேதிப் பிழையை விடுங்கள். அது பெரிய விஷயமே இல்லை. எனக்கு உறுத்தியது வேறு.

தொடரில் வரும் கிருஷ்ணமூர்த்தி அமைதியான, கனிந்த, தெளிவாக ஆங்கிலம் பேசும் பையன். நிஜப் பையன் அப்படி இல்லை. 14 வயது. வீட்டில் தெலுங்கு. ஆங்கிலம் அப்போதுதான் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அம்மா 1905இலேயே இறந்துவிட்டார். அப்பா நாராயணய்யா ஓய்வுபெற்ற பின் சபையில் எழுத்து வேலைக்குச் சேர்ந்தவர். பள்ளிக்கூடத்தில் மக்கு என்று பெயர் எடுத்து அடி வாங்கிக்கொண்டிருந்த இந்தப் பையனை 1909இல் அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் பார்க்கிறார். அதன்பின் அவன் சாப்பாடு, உடை, படிப்பு, தூக்கம் எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். பிறகு அப்பாவே பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு சென்னையில் வழக்குப் போட்டார். அப்பா பக்கம் வாதாடியவர் சி.பி. ராமசாமி ஐயர். 1913இல் உயர்நீதிமன்றம் அப்பா பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதை மாற்றி பெசன்ட் பக்கம் நின்றது. கடைசியில் 1929இல், தனக்காகவே கட்டிய அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி தானே கலைத்தார்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம், அப்பாவின் சொற்பொழிவுப் பயணத்துக்காக ஊர் ஊராக இழுத்துச் செல்லப்படும் 10 வயது அமெரிக்கப் பையன். இன்னொரு பக்கம், உலகத்தை ரட்சிக்கப் போகிறாய் என்று பெரியவர்கள் தூக்கிக்கொண்டு போன 14 வயது ஆந்திரப் பையன். இருவருக்கும் 'உனக்கு என்ன வேணும்?' என்று கேட்க ஆள் இல்லை. இவ்வளவு பெரிய ஒற்றுமை கையில் இருந்தும் தொடர் அதைத் தொடாமல் போய்விட்டது. ஞானக் குழந்தை ஒன்றை நிற்க வைத்து, அதன் முன்னால் நம் ஹீரோவைக் கேள்வி கேட்க வைக்கிறது. மரியாதைதான். ஆனால் பீடத்தில் ஏற்றி வைத்தால் அந்தப் பையனின் பயம் நமக்குத் தெரியாமல் போகிறது. சபையினர் செய்ததையே தொடரும் செய்கிறது என்பதுதான் வேடிக்கை.

இதைச் சொல்லிவிட்டு, பாராட்டையும் சொல்ல வேண்டும். 1984இல் இதே லூகாஸ் கதை எழுத, ஸ்பீல்பெர்க் இயக்கிய 'டெம்பிள் ஆஃப் டூம்' நினைவிருக்கிறதா? விருந்தில் குரங்கு மூளை, நரபலி, அம்ரிஷ் பூரி. இந்திய அரசு கதைக்கு ஆட்சேபம் சொன்னதால் இந்தியக் கிராமக் காட்சிகளை இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அந்த 'இந்திய' கிராமத்துப் பெரியவர் பேசுவது சிங்களம்! அந்தப் படத்தின் கதை நடப்பது 1935. அதாவது இண்டியின் வாழ்க்கைக் கணக்குப்படி, காசியில் கிருஷ்ணமூர்த்தியோடு சுற்றிய பையன்தான் 25 வருஷம் கழித்து அந்த விருந்து மேசையில் உட்கார்ந்திருக்கிறான். நாட்டைப் பற்றி அவனுக்கு ஏற்கனவே ஏதோ தெரிந்திருக்க வேண்டுமே? படத்தில் அதற்குச் சுவடே இல்லை. எப்படி இருக்கும், படம் முதலில் வந்தது, பையன் பின்னால் வந்தான்.

ஆனாலும் நான் இதை ஒரு வகைப் பிராயச்சித்தமாகவே பார்க்கிறேன். எட்டு ஒன்பது வருஷத்துக்குள் அதே நிறுவனம், அதே நாயகனை, இந்தியாவில் பிறந்த ஒரு பெண் இயக்குநரின் கையில் கொடுத்து, இந்த முறை கேட்கவும் பார்க்கவும் மட்டும் காசிக்கு அனுப்பியிருக்கிறது. இதில் இன்னொரு விசித்திரம். 2000இல் தீபா மேத்தா தன் சொந்தப் படமான 'வாட்டர்' எடுக்க அதே காசிக்குப் போனபோது எதிர்ப்பால் படப்பிடிப்பு நின்றது. பிறகு அவரும் இலங்கைக்குப் போய்த்தான் அதை முடித்தார். ஸ்பீல்பெர்க்குக்கும் அவருக்கும் இந்தியப் படப்பிடிப்பு ஒரே மாதிரிதான் முடிந்தது, காரணங்கள் மட்டும் வேறு.

தொடர் உண்மையிலேயே ஜெயிக்கிற இடம், ஹீரோவால் ஒன்றும் செய்ய முடியாத கதைகளில் இருக்கிறது. காங்கோவில் நோயில் அழிந்த கிராமத்தில் மிஞ்சிய ஒரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதா வேண்டாமா என்று படைக்குள் சண்டை வருகிறதே, அது ஒன்று. 1919 பாரிஸ் சமாதான மாநாடு இன்னொன்று. அதில் இண்டி வெறும் மொழிபெயர்ப்பாளர். அரேபியர்களுக்காக லாரன்ஸ் வந்து நிற்கிறார். வியட்நாமுக்காக ஓர் இளைஞர் மனுவோடு வருகிறார், பின்னாளில் ஹோ சி மின் என்று உலகம் அறிந்தவர். யாருக்கும் கதவு திறக்கவில்லை. இதை எந்தச் சாட்டையால் சரிசெய்வது? சாகசத் தொடர் பார்க்க வந்தவர்கள் ஏமாந்து போயிருப்பார்கள், நிச்சயம். எனக்கோ அங்கேதான் இந்த ஆள் பின்னால் ஏன் பல்கலைக்கழகத்தையும் பழைய மண்ணையும் தேடிப் போனார் என்பது புரிந்தது.

இனி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. வரிசையாகப் பார்க்காதீர்கள், அலுத்துவிடும். காங்கோ, பாரிஸ் 1919, அப்புறம் காசி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பார்க்கும்போது திரைக்கு வெளியே ஒற்றைக் கண் கிழவர் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் இரண்டாம் முறை பார்த்தேன். காசிக் கதை முடிந்ததும் என் தாத்தாவின் சொம்பு ஞாபகம் வந்தது. பித்தளைச் சொம்பு. அது இன்னமும் எங்கள் வீட்டில் இருக்கிறது.