இரண்டாவது வாசல்

அமெரிக்க நாவலாசிரியர் நீல் ஸ்ரீவன்சன் 1999 ஆம் ஆண்டில் வெளியிட்ட நெடுங்கட்டுரையொன்றை அண்மையில் மீண்டும் படித்தோம். ‘ஆதியிலே கட்டளைவரி இருந்தது’ என அதன் தலைப்பைத் தமிழிற் சொல்லலாம். கணினியின் பணிசெயல் முறைமைகளைப் பற்றிப் பொறியியலாளர் எழுதுவர், வியாபாரிகள் எழுதுவர். இலக்கியகர்த்தா ஒருவர் அவற்றை ஒரு காலகட்டத்தின் பண்பாட்டுப் பிரச்சினையாகக் கண்டு எழுதியமை அன்று புதுமையே. அப்புதுமையை நாம் மதிக்கின்றோம். ஆயின், கட்டுரையின் மையமான உவமை பற்றி நமக்கு ஒரு வழக்குண்டு.

உவமை இதுதான். தெருச்சந்தியொன்றில் நான்கு வாகன விற்பனையாளர்கள். மைக்ரோசொவ்ற்றின் கடை மிகப் பெரியது. அங்கே சாதாரணக் குடும்ப வாகனங்கள் விற்கப்படுகின்றன. அப்பிள் கடையில் அழகான, விலையுயர்ந்த, மூடி முத்திரையிட்ட கார்கள். ‘பீ’ நிறுவனம் விற்பதோ கதைகளில் வரும் அதிசய வாகனத்தை. நான்காவது லினக்ஸ், அங்கே தொண்டர்கள் பழுதே வராத கவச வண்டிகளைச் செய்து, சாவியையும் உள்ளே வைத்து, இலவசமாகக் கொண்டுபோகுமாறு கூவுகின்றனர். சனங்களோ அப்பக்கம் திரும்பியும் பாராமற் பெரிய கடைக்கே போகின்றனர்.

சிரித்துப் படிக்கலாம். ஆனால் இவ்வுவமைக்குள் அடங்காத உண்மையொன்று உண்டு. ஒரு வாகனத்துக்குள் இன்னொரு வாகனத்தை வைக்க முடியாது. ஒரு கணினிக்குள் இரண்டு முறைமைகளை வைக்க முடியும். வன்றட்டைப் பங்கு பிரித்து, ஒரு பங்கில் விண்டோஸும் மறுபங்கில் இன்னொன்றும் குடியிருக்கலாம். பழைய கணினிகளில் மின்னைக் கொடுத்ததும் தட்டின் முதல் 512 பைற்றுகள் படிக்கப்படும். அவற்றுள் 446 பைற்றுகள் தொடக்க நிரலுக்குரியவை. 64 பைற்றுகள் பங்குகளின் அட்டவணை. அந்தச் சின்னஞ்சிறு இடத்திலிருந்து ‘எதற்குள் நுழைய விருப்பம்?’ என்று கேட்கும் பட்டியலொன்றைத் திறந்துவிடலாம். ஆகவே, கேள்வி வாகனத்தைப் பற்றியதன்று, வாசலைப் பற்றியது. அந்த அரைக் கிலோபைற்று யாருக்குச் சொந்தம்?

நமது மேசைக் கணினியிலும் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸை வைத்திருக்கின்றோம். விண்டோஸை முதலிலும் மற்றதைப் பின்னரும் நிறுவுவதே புத்தி; மாற்றிச் செய்தால் பின்னர் வரும் விண்டோஸ், வேறொருவர் அவ்வீட்டில் இருப்பதாகவே எண்ணாமல் வாசலைத் தன்பக்கம் திருப்பிவிடும். இன்னொரு வேடிக்கை: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குத் திரும்பினாற் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கி நிற்கும். இயந்திரத்திலுள்ள கடிகாரத்தை ஒன்று உலகப் பொதுநேரமாகவும் மற்றது இலங்கை நேரமாகவும் கொள்வதே காரணம். ஒரே கட்டளையால் இதனைத் தீர்த்துவிடலாம். இவையெல்லாம் ஒரே முற்றத்தில் வாழ்வோரின் சில்லறைச் சச்சரவுகள்.

பெரிய தடை வேறிடத்தில் இருந்தது. அப்பிளின் முன்னாள் அதிகாரி ஜோன் லூயி கசே தொடங்கிய பீ நிறுவனம், விண்டோஸை விரட்டக் கேட்கவில்லை. அதன் அருகில் ஓரிடமே கேட்டது. கணினி தொடங்கும்போது தனது முறைமையையும் தெரிவாகக் காட்டும் உற்பத்தியாளருக்கு அதனை இலவசமாகத் தரவும் 1999 இல் முன்வந்தது. யப்பானின் ஹிற்றாச்சி நிறுவனம் இரண்டையும் ஏற்றிக் கணினிகளை விற்றது. ஆனால் வாங்கியவர் மின்னைக் கொடுத்தால் விண்டோஸ் மட்டுமே தெரிந்தது. மற்றது தட்டினுள் மறைந்து கிடந்தது. தொடக்க ஒழுங்கை மாற்றக்கூடாதென்ற மைக்ரோசொவ்ற்றின் உரிம நிபந்தனையும் நெருக்குதலுமே காரணமென 2002 இல் தொடுத்த வழக்கில் பீ குற்றஞ்சாட்டியது. 2003 இல், தவறெதனையும் ஒப்புக்கொள்ளாமலே, மைக்ரோசொவ்ற் 2 கோடி 32 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

பீயின் முறைமைக்குப் போதிய நிரல்கள் இல்லாமையே அதன் வீழ்ச்சிக்குக் காரணம் என்பாருமுளர். அதில் உண்மையுண்டு. ஆயினும் பழைய நிரல்களைக் கைவிடாமற் புதியதைப் பழகிப் பார்க்க வழிசெய்வது இரட்டைக் குடியிருப்பே அல்லவா? அந்த வழியை அடைத்துவிட்டு, அங்கே ஆட்கள் செல்லவில்லை என்று சொல்வது எவ்வகை நியாயம்?

அமெரிக்க அரசு தொடுத்த ஏகபோக வழக்கில் 2002 நவம்பரில் முடிவான தீர்ப்பின் வாசகத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். விண்டோஸ் தொடங்குமுன் வேறு முறைமையைத் தெரிவுசெய்யும் வசதியை உற்பத்தியாளர் வழங்குவதை மைக்ரோசொவ்ற் தடுக்கலாகாது என அது வெளிப்படையாகவே கூறுகிறது. அப்போது பீயின் சொத்துக்கள் பாம் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு ஓராண்டு கழிந்திருந்தது. விலை ஏறத்தாழ 1 கோடி 10 இலட்சம் டொலர்.

ஸ்ரீவன்சனின் உவமையில் சனங்கள் தமது ருசியாலும் அச்சத்தாலும் பெரிய கடைக்குப் போகின்றனர். கடைக்கும் தெருவுக்குமிடையே எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் நிழல் அச்சந்தியில் விழவேயில்லை. அறிவின் சோம்பலைக் கண்டிப்பதில் அவர் வல்லவர். படங்களை மட்டும் சொடுக்குபவன் பிறர் விளக்கிய உலகையே காண்கிறான் என்ற அவரது வாதம் இன்றும் கூர்மையாகவே இருக்கிறது. ஆனால் சோம்பல் எங்கே முடிகிறது, நிர்ப்பந்தம் எங்கே தொடங்குகிறது என்பதை அவர் பிரித்துக் காட்டவில்லை. அப்பிளின் புதிய முறைமைக்குத் தாம் மாறிவிட்டதாகவும், கட்டுரையின் பெரும்பகுதி காலங்கடந்துவிட்டதாகவும் அவரே 2004 இற் சொன்னார். நமது அபிப்பிராயம் வேறு. உவமை பழசாகவில்லை, எழுதிய அன்றே குறைபட்டிருந்தது.

2012 இல் விண்டோஸ் 8 உடன் பரவிய பாதுகாப்புத் தொடக்கமுறை, கையொப்பமிட்ட நிரலையே வாசலிற் புகவிடுகிறது. பெரும்பாலான கணினிகளில் உள்ள சாவி மைக்ரோசொவ்ற்றினுடையது. லினக்ஸ் வழங்குநர் பலர் ‘ஷிம்’ என்னும் சிறு நிரலுக்கு அந்நிறுவனத்தின் கையொப்பத்தை வாங்கியே உள்ளே வருகின்றனர். பாவனையாளர் விரும்பினால் அதனைப் பெரும்பாலும் அணைத்துவிடலாம் என்பதையும் சொல்லவேண்டும். பீயின் முறைமையை 2001 முதல் தொண்டர்கள் திரும்பக் கட்டிவருகின்றனர்; அதன் இன்றைய பெயர் ‘ஹைக்கு’. முதற் பீற்றாப் பதிப்பு 2018 இல் வந்தது. நமது வன்றட்டில் இன்னும் கொஞ்சம் இடமிருக்கிறது.