டர்போ எம்எக்ஸ்-5க்கு எந்த இசியூ? மூன்று பெட்டிகள், ஒரே இன்ஜின்

மாலை நேரம். வண்டி ஐடிலில் நிற்கிறது. ஹெட்லைட் சுவிட்சைத் தட்டுகிறேன். பானெட்டின் இரு ஓரங்களிலும் விளக்குகள் இமை திறப்பதுபோல எழும்புகின்றன. அதே நொடியில் 850 ஆர்பிஎம்மில் நின்ற முள் சரிகிறது. இன்ஜின் ஒருமுறை விக்கி, அணைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் அன்று மதியம்தான் டைனோவில் ஏற்றி, முழு த்ராட்டிலில் அருமையான பவர் கர்வ் எடுத்திருந்தோம். உச்சத்தில் பறக்கும் இன்ஜின், விளக்கு போட்டால் ஏன் அணைகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடிய மூன்று ஆண்டுகளில்தான் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியான இசியூவில் எதை, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபட்டது.

வண்டி, 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் அறிமுகமான முதல் தலைமுறை. எடை ஒரு டன்னுக்கும் குறைவு, பின்சக்கர டிரைவ், 1,597 சிசி இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன். மெல்பர்னில் ஓட்டுகிறேன். சின்ன டர்போ ஒன்றைப் பொருத்தி, பூஸ்டை 0.5 பாரில் வைத்திருக்கிறேன். வெளிக்காற்றின் அழுத்தத்தோடு அரை பார் சேர்ந்தால், சிலிண்டருக்குள் போகும் காற்று ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அதற்கேற்ற பெட்ரோலும், பிசகாத நேரத்தில் தீப்பொறியும் வேண்டும். கம்பெனி இசியூ இந்த வேலைக்காகப் பிறந்ததல்ல. உள்ளே வரும் காற்று ஒரு சின்னக் கதவைத் தள்ளித் திறக்கும். அந்தக் கதவு எவ்வளவு திறந்தது என்பதை வைத்துத்தான் அது காற்றை அளக்கிறது. கதவு முழுதாகத் திறந்துவிட்டால், அதற்குமேல் எவ்வளவு காற்று வந்தாலும் அதற்குத் தெரியாது.

பெட்டி செய்யும் வேலை

6,000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு சுற்றை 10 மில்லிசெகண்டில் முடிக்கிறது. அதில் ஒரு டிகிரி என்பது சுமார் 28 மைக்ரோசெகண்ட். டர்போ இன்ஜினில் டைமிங் இரண்டு மூன்று டிகிரி முந்திப் போனாலும் நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் கலவை கட்டுப்பாடின்றி வெடிப்பது, தொடங்கலாம். நாக்கிங் நீடித்தால் பிஸ்டன் உடையும்.

தனி இசியூ, மேனிஃபோல்டு அழுத்தம், உள்ளே வரும் காற்றின் வெப்பம், ஆர்பிஎம் ஆகிய மூன்றையும் வைத்துக் காற்றைக் கணக்கிடுகிறது. 16-க்கு 16 கட்டமுள்ள அட்டவணை என்றால் பெட்ரோலுக்கு 256 எண்கள். டைமிங்குக்கு அதேபோல இன்னொன்று. இவற்றை நிரப்புவதுதான் ட்யூனிங். அதற்கு முன் ஒன்றைச் செய்தே ஆக வேண்டும். டைமிங்கை லேப்டாப்பில் 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டை கிராங்க் புல்லியில் அடித்துப் பாருங்கள். திரையில் 10, புல்லியில் 14 என்று இருந்தால், அதன்பின் நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணிலும் நான்கு டிகிரி ஆபத்து ஒளிந்திருக்கும்.

வாங்கும் முன் வண்டியைப் படியுங்கள்

எம்எக்ஸ்-5 1.6-இல் மூன்று கண்ணிகள் உண்டு. முதலாவது, காற்றை அளக்கும் அந்தக் கதவுக்குள்ளேதான் பெட்ரோல் பம்ப்பை இயக்கும் சுவிட்சும் இருக்கிறது. கதவைக் கழற்றினால் பம்ப் ஓடாது. பம்ப் ரிலேயைப் புதிய இசியூ இயக்கும்படி வயரை மாற்ற வேண்டும். இரண்டாவது, காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரும் அதோடு போய்விடும். தனியாக ஒன்று வாங்க வேண்டும். மூன்றாவது, மேனுவல் கியர் வண்டிகளில் த்ராட்டில் சென்சார் வெறும் சுவிட்ச்தான். கால் எடுத்திருக்கிறதா, முழுதாக அழுத்தியிருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். நடுவில் எவ்வளவு என்று சொல்லாது. அதற்கும் மாற்று வேண்டும். இவையும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சாரும் எந்த இசியூ வாங்கினாலும் வரும் செலவு. பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

மூன்று பெட்டிகள்

முதலில் வாங்கியது மெகாஸ்குவர்ட். புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள், தானே செய்துபார்க்க விரும்புபவர்களுக்காக வடிவமைத்தது. நான் எடுத்தது எம்எஸ்2. போர்டு, பாகங்கள், சால்டரிங் அயர்ன் என்று ஆறு வார இறுதிகள் போயின. ட்யூனர்ஸ்டூடியோ மென்பொருள் முதலில் மிரட்டும், பழகினால் கையை விட்டுப் போகாது. இசியூ என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தப் பெட்டிதான். மூன்றில் விலை குறைந்ததும் இதுவே. அர்டுவினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோவும் இதேபோல தானே செய்துபார்ப்பவர்களுக்கானதுதான்.

இரண்டாவது ஹால்டெக். 1986 முதல் இயங்கும் ஆஸ்திரேலிய கம்பெனி, சிட்னியில் இருக்கிறது. நண்பரின் வண்டியும் இதே 1.6 டர்போ, அதில் எலைட் வரிசைப் பெட்டியைப் புது வயரிங்கோடு பொருத்த நானும் கூட இருந்தேன். முப்பது வருடப் பழைய வயர்களைக் கழற்றியபோது கையிலேயே மேலுறை உதிர்ந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே புது வயரிங் நியாயம் என்று தோன்றியது. ஓட்டும்போதே பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்ளும் வசதி இதில் நன்றாக வேலை செய்கிறது. சந்தேகம் வந்தால் உள்ளூரிலேயே கேட்க ஆளுண்டு. ஆனால் வயரிங் வேலை பெரியது. அனுபவமில்லாத கை தொடக்கூடாது.

மூன்றாவது, இப்போது என் வண்டியில் இருக்கும் லிங்க். நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் தயாராவது. எம்எக்ஸ்-5க்கென்றே வரும் ப்ளக்-இன் வகை. பயணி கால் வைக்கும் இடத்தில் தரைவிரிப்பைத் தூக்கி, பழைய இசியூவைக் கழற்றி, அதே கனெக்டரில் இதைச் செருக வேண்டும். அழுத்தம் அளக்கும் சென்சார் பெட்டிக்குள்ளேயே இருப்பதால், மேனிஃபோல்டிலிருந்து ஒரு வேக்குவம் குழாயை உள்ளே கொண்டுவந்தால் போதும். பிசிலிங்க் மென்பொருளை இலவசமாக இறக்கி, பெட்டி வாங்கும் முன்பே திறந்து படிக்கலாம். அதில் நான் செலவிட்ட இரண்டு இரவுகள் வீண்போகவில்லை.

மோடெக் என்ற இசியூ கம்பெனியும் மெல்பர்ன்தான். ஆஸ்திரேலியாவின் சூப்பர்கார்ஸ் பந்தயங்களில் ஓடும் பெட்டி. என் பட்ஜெட்டில் இல்லாததால் ஓட்டிப் பார்க்கவில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.

முழு த்ராட்டிலில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. சரியான எண்களைக் கொடுத்தால் மூன்றுமே அந்த வேலையைச் செய்துவிடும். வித்தியாசம் எல்லாம் அதற்குக் கீழே, நாம் தினமும் ஓட்டும் இடத்தில் இருக்கிறது.

ஹெட்லைட் சோதனை

இன்ஜெக்டருக்குள் ஒரு காயில், ஒரு ஊசி. மின்சாரம் வந்ததும் ஊசி உடனே எழும்பாது. சுமார் ஒரு மில்லிசெகண்ட் ஆகும். வோல்டேஜ் குறைந்தால் இன்னும் தாமதமாகும். டர்போவுக்காகப் பெரிய இன்ஜெக்டர் போட்ட வண்டி ஐடிலில் நிற்கும்போது, இசியூ மொத்தமே இரண்டு மில்லிசெகண்ட் அளவுக்குத்தான் மின்சாரம் கொடுக்கிறது. அதில் பாதி ஊசி எழும்பவே போய்விடுகிறது. இப்போது ஹெட்லைட் மோட்டார்கள் இழுக்கின்றன. வோல்டேஜ் 14-லிருந்து 12-க்கு விழுகிறது. ஊசி கால் மில்லிசெகண்ட் பிந்துகிறது. இன்ஜினுக்குக் கிடைக்க வேண்டிய பெட்ரோலில் நான்கில் ஒரு பங்கு காணாமல் போகிறது. வண்டி அணைகிறது.

இந்தத் தாமதத்தை ஈடுகட்ட ஒவ்வொரு இசியூவிலும் ஒரு திருத்தம் உண்டு. நான் பயன்படுத்திய எம்எஸ்2-இல் 13.2 வோல்ட்டுக்கு ஒரு எண், ஒரு வோல்ட் மாறினால் எவ்வளவு என்று இன்னொரு எண். அவ்வளவுதான். லிங்க்கிலும் ஹால்டெக்கிலும் வோல்ட் வாரியாக முழு அட்டவணை கொடுக்கலாம். மெகாஸ்குவர்ட்டின் எம்எஸ்3-இலும் அது உண்டு. ஆனால் அட்டவணையை நிரப்ப இன்ஜெக்டரின் தரவு வேண்டுமே! எனக்கு விற்றவர் ஒரு தாளும் தரவில்லை. பிறகு தரவோடு வரும் இன்ஜெக்டர்களை வாங்கி, எண்களை அப்படியே லிங்க்கில் ஏற்றினேன். அன்று மாலை விளக்குகள் எழும்பியபோது முள் ஒரு சிறு அசைவோடு நின்றுவிட்டது. எந்த டைனோ எண்ணும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி தந்ததில்லை.

இன்ஜினைக் காப்பாற்றும் வேலை

இந்த இன்ஜினில் கம்பெனி நாக் சென்சார் கிடையாது. டர்போ போட்டால் ஒன்று பொருத்துங்கள். சிலிண்டர் விட்டம் 78 மில்லிமீட்டர். அந்த அளவுக்கு நாக்கிங் சத்தம் ஏறத்தாழ 7.3 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். இசியூ அந்த அலைவரிசையைத்தான் உற்றுக் கேட்க வேண்டும். நாக் கன்ட்ரோல் ஒரே கம்பெனியிலும் மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் மாடலில் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே பணம் கொடுங்கள்.

அதைவிட முக்கியம், பெட்ரோல் பற்றாக்குறை வந்தால் தானே நிறுத்தும் பாதுகாப்பு. பெட்ரோல் முழுமையாக எரிய வேண்டிய காற்று விகிதம் 14.7; அதுதான் லாம்டா 1. பூஸ்டில் நான் 0.80 வைத்திருக்கிறேன், அதாவது சுமார் 11.8. வின்டன் டிராக்கில் ஒரு ட்ராக் டே. டேங்க்கில் பெட்ரோல் குறைவு. நீண்ட வளைவு ஒன்றின் நடுவில் வண்டி சட்டென்று இழுவையை இழந்தது. பிட்டுக்கு வந்து லேப்டாப் பதிவைத் திறந்தேன். வளைவில் பெட்ரோல் ஓரமாக ஒதுங்கியிருக்கிறது, லாம்டா 0.95-க்கு ஏறியிருக்கிறது; இசியூ உடனே பூஸ்டை வெட்டியிருக்கிறது. டேங்க்கை நிரப்பி, அன்று மாலை அதே இன்ஜினோடு வீடு திரும்பினேன். இந்தப் பாதுகாப்புகள் கூடுதல் வசதி அல்ல. இவை இல்லாமல் டர்போ இன்ஜினை டிராக்குக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ட்யூனர் பாதி

முதல் முறை நான் போன ஒர்க்ஷாப்பில் ஒரே மதியத்தில் வேலையை முடித்துக் கொடுத்தார்கள். மறுநாள் காலை, ஐந்து டிகிரி குளிரில், வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. குளிர் ஸ்டார்ட்டிங் ட்யூனிங்கை அவசரப்படுத்த முடியாது. இரவு முழுக்க வண்டி ஆற வேண்டும்; காலையில் ஒரே ஒரு வாய்ப்பு. எண்ணைத் திருத்திவிட்டு மறுநாள் காலைதான் மீண்டும் பார்க்கலாம். இந்தப் பொறுமை இருக்கும் ட்யூனர் கிடைத்தால் பெட்டியின் பெயர் இரண்டாம்பட்சம்.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. விக்டோரியாவில் டர்போ சேர்ப்பது போன்ற மாற்றத்துக்கு வாஸ் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற பொறியாளரின் சான்றிதழ் வேண்டும். வேலை தொடங்கும் முன்பே அவரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

தீர்ப்பு

வயரிங் நல்ல நிலையில் உள்ள எம்எக்ஸ்-5, தினமும் ஓட்டணும், எப்போதாவது டிராக்குக்கும் போகணும் என்றால், லிங்க் ப்ளக்-இன். என் பணம் இதற்குத்தான் போனது. மறுபடி வாங்கினாலும் இதைத்தான் வாங்குவேன். வயர்கள் உதிர்ந்துவிட்டன, எப்படியும் புதிதாக இழுக்கத்தான் போகிறீர்கள் என்றால் ஹால்டெக். கையில் நேரமும் கற்கும் ஆசையும் இருந்து, வண்டி சில மாதம் கராஜில் நின்றாலும் பரவாயில்லை என்றால் மெகாஸ்குவர்ட்; அதிலும் எம்எஸ்3-ஐ எடுங்கள்.

ஆனால் பணம் கட்டும் முன், உங்கள் ஊர் ட்யூனரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “வண்டியை ராத்திரி உங்ககிட்டயே விட்டா, காலையில ஆறின இன்ஜினில் ட்யூன் பண்ணித் தருவீங்களா?” தயங்காமல் சரி என்பவருக்கு எந்தப் பெட்டி கைவந்ததோ, அதை வாங்குங்கள்.