அவள் மட்டும்தானா?

"இது ஆவணப்படம் இல்லை, திரைப்படம்." சாதித்த பெண்களின் வாழ்க்கையைப் படமாக்குபவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் இது. அந்த வாழ்க்கையில் கூடவே இருந்த இன்னொரு பெண் எழுந்து, "நான் எங்கே போனேன்?" என்று கேட்கும்போதும் இதைத்தான் சொல்கிறார்கள். படத்தின் ரசிகர்களிடம் இன்னொரு வாதம் உண்டு. எங்கோ ஒரு சிறுமிக்கு உற்சாகம் பிறந்தால் போதாதா, அதற்குமேல் எதற்குக் குறை காண வேண்டும் என்பார்கள். மார்ச் மாதம் பிறந்தால் மகளிர் தினப் பட்டியல்களில் இந்தப் படங்கள் வரிசைகட்டுகின்றன. கூடவே இந்த வாதமும் வந்துவிடுகிறது. எனக்கு அது ஏற்புடையதல்ல.

இந்தப் படங்களால் விளைந்த நன்மையை மறுக்கவில்லை. பெண்ணை மையமாக வைத்தால் வசூல் வராது என்ற பழைய பேச்சை இவை உடைத்தன. மகளை மைதானத்துக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோர் சிலரின் மனத்தையாவது மாற்றியிருக்கும். 'நடிகையர் திலக'த்தில் கீர்த்தி சுரேஷுக்குக் கிடைத்த தேசிய விருது தகுதியானவருக்குக் கிடைத்த விருது. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் ஆட்சேபம் அப்படியே நிற்கிறது. ஒரு பெண்ணை உயர்த்திக் காட்ட, அவளைச் சுற்றியிருந்த பெண்களை இந்தப் படங்கள் அழித்துவிடுகின்றன.

2020 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான 'குஞ்சன் சக்சேனா: தி கார்கில் கேர்ள்' படத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான்வி கபூர் நடித்த படம். நிஜ குஞ்சன் 1999 கார்கில் போரில் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டியவர். அவருடைய துணிச்சலில் யாருக்கும் ஐயமில்லை. படத்தில் அவர் உதம்பூர் விமானப்படைத் தளத்துக்குள் நுழையும்போது அங்கே வேறு பெண் அதிகாரியே இல்லை. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற ஓர் அறை இல்லை. அவரோடு பறக்க ஆண்கள் முன்வருவதில்லை. பெண்ணுக்குப் பலம் போதாது என்று காட்டுவதற்காகவே எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கை மல்யுத்தத்தில் இழுத்துவிடுகிறார்கள். மனமுடைந்து வீடு திரும்பும் மகளைத் தேற்றி மறுபடி அனுப்பிவைப்பவர் பங்கஜ் திரிபாதி நடித்த அப்பா.

படம் வெளியான சில நாட்களில் முன்னாள் விமானப்படை அதிகாரி ஸ்ரீவித்யா ராஜன் வெளிப்படையாக எழுதினார். 1996இல் உதம்பூருக்கு அனுப்பப்பட்டவர்கள் இரண்டு பெண்கள், அவரும் குஞ்சனும். கார்கில் போரில் இருவரும் பறந்தார்கள். அந்தக் கை மல்யுத்தம் நடக்கவே இல்லை என்றும், கார்கில் பணியில் முதலில் பறந்த பெண் தானே என்றும் அவர் எழுதினார். தன்னைத் தவறாகச் சித்தரித்துவிட்டார்கள் என்று விமானப்படையும் தணிக்கை வாரியத்துக்குக் கடிதம் அனுப்பியது. ஊடகங்கள் விமானப்படையின் கடிதத்தைப் பற்றித்தான் அதிகம் பேசின. எனக்கு ஸ்ரீவித்யாவின் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. ஓர் அமைப்பின் மதிப்பைக் காப்பாற்ற அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள். தன் வாழ்க்கையிலிருந்தே வெட்டி எடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

கதையாகப் பார்த்தாலும் நஷ்டம் சிறியதல்ல. ஆண்கள் நிறைந்த ஒரு தளத்துக்கு இரண்டு இளம்பெண்கள் வந்து சேர்கிறார்கள். தங்களுக்கென்று அமைக்கப்படாத ஓர் இடத்தில் ஒவ்வொரு நாளும் சமாளித்தாக வேண்டும். ஒருத்தி பறந்து திரும்பும்வரை இன்னொருத்தி தரையில் காத்திருக்க வேண்டும். ஒருத்தி தவறினால் இருவர் பெயரும் கெடும். அவர்களுக்குள் போட்டி இருந்திருக்கலாம், பொறாமை இருந்திருக்கலாம், சொல்லிப் புரியவைக்க முடியாத நெருக்கமும் இருந்திருக்கலாம். எந்தத் திரைக்கதை ஆசிரியரும் தவம் கிடந்து கேட்க வேண்டிய சூழல் இது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, சினிமாவில் நூறு முறை பார்த்த தனி நாயகனின் சட்டையை ஒரு பெண்ணுக்குப் போட்டுவிட்டார்கள்.

'தங்கல்' (2016) இதைவிட மேலான படம். கைதேர்ந்த படம் என்பதாலேயே அதன் பிழை ஆழமாகப் பதிகிறது. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் கீதா போகாட் 55 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் எமிலி பென்ஸ்டெட்டை 1-0, 7-0 என்று நேர் சுற்றுகளில் வீழ்த்தினார். சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றி. படத்திலோ ஆட்டம் மூன்றாவது சுற்றுக்குப் போகிறது. பயிற்சியாளர் சூழ்ச்சி செய்து அப்பாவை ஓர் அறையில் பூட்டிவைக்கிறார். கடைசி நொடிகளில், அப்பா என்றோ கற்றுக்கொடுத்தது நினைவுக்கு வந்து மகள் ஐந்து புள்ளி எடுக்கிறாள். எதிராளியைத் தெளிவாக மிஞ்சிய ஒரு வீராங்கனையின் ஆட்டத்தை, தோல்வியின் விளிம்பில் அப்பாவின் நினைவால் மீட்கப்பட்ட ஆட்டமாக மாற்றிவிட்டார்கள். இதைக் கொண்டாட்டம் என்று எப்படிச் சொல்வது?

அதே டெல்லியில், அதே போட்டியில், அல்கா தோமரும் அனிதா ஷியோரனும் மல்யுத்தத்தில் தங்கம் வென்றார்கள். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2006இல், அல்கா உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கியிருந்தார். அந்த விடுதிகளில், பயிற்சி முகாம்களில், மல்யுத்தப் பாய்களில் ஒரு தலைமுறையே உருண்டு புரண்டு வளர்ந்துகொண்டிருந்தது. பார்வையாளர் மனத்தில் தங்குவதோ, ஊரே சிரித்த ஒரு குடும்பமும் ஒரே ஓர் அப்பாவும்தான். அந்தக் குடும்பத்தையும் படம் முழுதாகக் காட்டவில்லை. தகப்பனை இழந்து, கீதாவின் அப்பாவான பெரியப்பா மகாவீரிடம் வளர்ந்து மல்யுத்தம் பழகிய வினேஷும் பிரியங்காவும் படத்தில் இல்லை.

'மேரி கோம்' (2014) வேறு இடத்தில் இதையே செய்தது. மணிப்பூர் பெண்ணாக பிரியங்கா சோப்ரா நடித்தது பற்றி அப்போதே நிறையப் பேசியாகிவிட்டது. 2006இல் டெல்லியில் நடந்த பெண்கள் உலகக் குத்துச்சண்டைப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்தவை நான்கு தங்கங்கள். மேரி கோம், சரிதா தேவி, ஜென்னி, கேரளத்தின் லேகா. படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் மற்ற மூன்று பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பல பெண்கள் சேர்ந்திருக்கும் கதையை இந்திய சினிமா எடுத்ததே இல்லையா? எடுத்திருக்கிறது. அப்படி எடுக்கும்போது நடுவில் ஓர் ஆண் வந்து நின்றுவிடுகிறார். 'சக் தே! இந்தியா'வுக்கு (2007) வித்திட்டது, 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் சூரஜ் லதா தேவி தலைமையில் பெண்கள் ஹாக்கி அணி வென்ற தங்கம். படம் நிஜத்தில் ஷாருக் கான் நடித்த பயிற்சியாளரின் மானம் மீண்ட கதை. 'மிஷன் மங்கள்' (2019) இஸ்ரோவின் பெண் விஞ்ஞானிகளைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அதன் முன்வரிசையில் நின்றவர் அக்‌ஷய் குமார். எரிபொருளைச் சேமிக்கும் வழி வித்யா பாலனுக்கு ஆய்வுக்கூடத்தில் தோன்றவில்லை. அடுப்பை அணைத்த பிறகும் சூடான எண்ணெயில் பூரி பொரிவதைப் பார்த்துத்தான் தோன்றுகிறது. படித்து, கணக்குப் போட்டு, பல ஆண்டு உழைப்பில் தேறிய ஒரு விஞ்ஞானியின் அறிவுக்குச் சமையலறைச் சான்றிதழ் எதற்கு? ஆக, பெண்கள் பலராக வந்தால் தலைமைக்கு ஓர் ஆண். பெண் தலைமை ஏற்றால் அவள் தன்னந்தனி.

இதைத் திரைக்கதை உத்தி என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. தனி நாயகிக்கு ஒரு தனி வில்லன் வேண்டும். அதனால் ஓர் அமைப்பின் கோளாறெல்லாம் ஒரு பயிற்சியாளர்மீதோ ஒரு மேலதிகாரிமீதோ ஏற்றப்படுகிறது. அவன் தலைகுனிந்ததும் எல்லாம் சரியாகிவிடுகிறது. தனி நாயகிக்குத் துணை நிற்க ஒரு நல்ல மனம் வேண்டும். அது பெரும்பாலும் அப்பாவாக, சில சமயம் கணவனாக வருகிறது. அப்படி ஓர் அப்பா வாய்க்காத பெண்தான் இந்த நாட்டில் அதிகம். அவளுக்கு இந்தப் படங்கள் என்ன வழி காட்டுகின்றன? தோழியைத் தேடு, சங்கம் சேர், மூத்தவளிடம் போய்க் கேள் என்று ஒரு காட்சிகூடச் சொல்வதில்லை.

2023 ஜனவரியில் வினேஷ் போகாட்டும் சாக்‌ஷி மாலிக்கும் மற்ற வீராங்கனைகளும் மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர்மீது பாலியல் புகார் சொல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மே மாதம் போலீஸ் அவர்களைத் தரையில் இழுத்துப்போனதை நாடே பார்த்தது. தனியாகப் போயிருந்தால் ஒருத்தியின் புகாரை நாலே நாளில் மூடிமறைத்திருப்பார்கள். சேர்ந்து உட்கார்ந்ததால்தான் நாடு திரும்பிப் பார்த்தது. மல்யுத்த வீராங்கனைகளைப் பற்றி நாட்டுக்குக் கற்றுக்கொடுத்த படமோ இந்தச் சேர்க்கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டரை மணி நேரத்தில் எத்தனை பேரைக் காட்டுவது என்று கேட்பார்கள். தீபா தன்ராஜின் 'இன்வோக்கிங் ஜஸ்டிஸ்' (2011) என்ற ஆவணப்படத்தைப் பார்க்கச் சொல்வேன். புதுக்கோட்டையிலிருந்து இயங்கிய தமிழ்நாடு முஸ்லிம் பெண்கள் ஜமாத்தைப் பற்றியது. ஆண்களே தீர்ப்புச் சொல்லிவந்த ஜமாத்துகளுக்கு எதிரே பெண்கள் தங்களுக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். மனுக்களை வாங்குகிறார்கள், விசாரிக்கிறார்கள், குரல் உயர்த்தி வாதாடுகிறார்கள், தங்களுக்குள்ளேயே மோதிக்கொள்கிறார்கள். கேமரா ஒரே முகத்தில் தங்கிவிடுவதில்லை. அதனால் யாருடைய பெருமையும் குறைந்துபோகவில்லை. ஒரு பெண்ணுக்குப் பேசும் தைரியம் பக்கத்தில் இருப்பவளிடமிருந்து வருவதைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

கூட்டமாக இயங்குபவர்களைப் படமெடுத்தாலும் இந்தச் சிக்கல் தானாகத் தீர்ந்துவிடாது. 2022இல் ஆஸ்கர் பரிந்துரை பெற்ற 'ரைட்டிங் வித் ஃபயர்', உத்தரப் பிரதேசத்தில் தலித் பெண்கள் நடத்தும் 'கபர் லஹரியா' செய்தி நிறுவனத்தைப் பற்றியது. சில நிருபர்களின் பின்னாலேயே செல்லும் உயிர்ப்பான படம். ஆனால் விருது விழாவுக்குச் சில நாட்கள் முன்பு அந்த நிறுவனமே, படம் காட்டுவது தங்கள் பணியின் ஒரு பகுதியைத்தான், அது தங்கள் முழுக்கதை ஆகாது என்று அறிக்கை விட்டது. 2002 முதல் தாங்களே எழுதித் தாங்களே அச்சிட்டுப் பழகிய பெண்கள் அவர்கள். தங்கள் கதையை வேறொருவர் நறுக்கியது அவர்கள் கண்ணில் உடனே பட்டுவிட்டது.

நடிகை சாவித்திரியைப் பற்றி எடுத்த 'நடிகையர் திலக'த்தின் பின்பாதி ஜெமினி கணேசனுக்கும் மதுவுக்கும் கடனுக்கும் போனதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. 1968இல் சாவித்திரி 'சின்னாரி பாப்பலு' என்ற தெலுங்குப் படத்தை இயக்கினார். இசை பி. லீலா. இன்னும் பல பொறுப்புகளில் பெண்கள். அடுத்த ஆண்டே அதைக் 'குழந்தை உள்ளம்' என்று தமிழில் எடுத்தார். இந்த முயற்சியை அவருடைய பணநஷ்டக் கணக்கில் ஒரு வரியாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தத் தளத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு எப்படி உத்தரவிட்டாள், ஆண்களிடம் வேலை கற்றவர்கள் தங்களுக்குள் எப்படி வேலையைப் பிரித்துக்கொண்டார்கள், லீலாவுக்கும் சாவித்திரிக்கும் பாட்டில் எங்கே ஒத்துப்போனது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று யாராவது தேடிப்பிடித்து எடுக்கட்டும். சாவித்திரி ஒரு காட்சியில்கூட அழ வேண்டியதில்லை.