கைகாட்டி இறங்கும் வரை

மாதிரிப் புகைவண்டி என்றவுடன் நம்மில் பெரும்பாலோரின் மனக்கண்ணில் தோன்றுவது, சாவி கொடுத்ததும் வட்டத் தண்டவாளத்தில் தலை சுற்றும்படி ஓடி, சாவி தளர்ந்ததும் சோர்ந்து நின்றுவிடும் தகர விளையாட்டுச் சாமான்தான். பிரிட்டனில் அதே சாமானை வைத்துக்கொண்டு வேறொரு காரியம் செய்கிறவர்கள் உண்டு. ஒரு பழைய ரயில்வே கம்பெனியையும், அதன் பாதையில் ஒரு சிறு ஸ்டேஷனையும், அந்த ஸ்டேஷனின் சரித்திரத்தில் ஒரு வருஷத்தையும் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அன்று அங்கே எந்த வண்டி எத்தனை மணிக்கு, எத்தனை பெட்டிகளுடன், யாருடைய அனுமதியின் பேரில் வந்தது, வந்து என்னென்ன செய்தது என்பதையெல்லாம் கால அட்டவணைகளிலிருந்தும் விதிப் புத்தகங்களிலிருந்தும் பொறுமையாகத் திரட்டி, மேஜையின் மேல் அந்த நாளைத் திரும்ப நடத்திப் பார்க்கிறார்கள். இதைக் காணப் போகிறவர் ஓர் ஏமாற்றத்துக்குத் தயாராகப் போவது நல்லது; அநேகமாக, அவர் போய் நிற்கிற சமயத்தில் மேஜையின் மேல் எதுவும் ஓடிக்கொண்டிராது.

ஒன்றும் ஓடாத அந்த வேளையில் கைகாட்டி மரங்களைப் பார்க்கும்படி சிபாரிசு செய்வேன். எஞ்சினின் பளபளப்பில் கண் முதலில் போய் விழுந்துவிட்டால் பிறகு அதை மீட்பது கஷ்டம். கைகாட்டி ஏன் கிடைமட்டமாகவே நிற்கிறது, யார் உத்தரவுக்காக அது காத்திருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கிய மாத்திரத்தில், காலியாகக் கிடக்கும் தண்டவாளம் நாடகம் தொடங்கவிருக்கும் மேடையாக மாறிவிடுகிறது. அப்போது எங்கோ ஒரு சிறு மணி அடிக்கும். ஓர் அடி என்றால், கைகாட்டிகளை இயக்கும் பக்கத்துக் கேபின்காரர் நம் கேபின்காரரைக் கூப்பிடுகிறார் என்று பொருள். இவர் பதில் அடித்ததும், நான்கு அடிகள் தொடர்ந்து வந்தால், "விரைவு வண்டி ஒன்று இருக்கிறது, அனுப்பலாமா?" என்ற கேள்வி, மூன்று அடி, சற்று நிறுத்தி ஓர் அடி என்றால் ஊருக்கு ஊர் நிற்கும் சாதாரணப் பயணி வண்டி. தடம் காலியாக இருந்தால் இவர் அதே அடிகளைத் திருப்பி அடித்துச் சம்மதம் தெரிவிப்பார். வண்டி அங்கே புறப்பட்டதும் இரண்டு அடி. அது இங்கே வந்து, கடைசிப் பெட்டியின் பின்புறத்து விளக்கைக் கேபின்காரர் கண்ணால் கண்டு, ஒரு பெட்டியும் அறுந்து பின்தங்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே இரண்டும் ஒன்றுமாக மணி அடித்து, "வந்து சேர்ந்தது" என்று அறிவிப்பார். அந்த மணி கேட்கும் வரை, இரு கேபின்களுக்கும் இடைப்பட்ட அந்தத் துண்டுத் தடத்தில் இன்னொரு வண்டிக்கு இடமில்லை.

இவ்வளவு சம்பிரதாயமும் வெறும் அலங்காரமன்று. 1889-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊருக்கருகே, உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற வண்டி ஓர் ஏற்றத்தில் திணறி நின்றது. வண்டியை இரண்டாகப் பிரித்து முன்பாதியை மேலே கொண்டுபோகலாம் என்று முயன்றபோது, பின்பாதி பிடியில்லாமல் சரிவில் உருண்டு போய், கால அவகாசத்தை மட்டுமே நம்பிப் பின்னால் அனுப்பப்பட்டிருந்த வேறொரு வண்டியின்மேல் மோதியது. எண்பது பேர் மாண்டார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்து, ஒரு துண்டுத் தடத்தில் ஒரு வண்டி என்ற முறையையும், பயணி வண்டி முழுவதற்குமான தொடர் பிரேக்கையும் கட்டாயமாக்கியது. ஆகவே, மேஜையின் மேல் ஒரு கூட்ஸ் வண்டி சிவப்புக் கைகாட்டியின் முன் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறவர், எத்தனை பேருடைய துக்கத்திலிருந்து பிறந்தது அந்த நிற்றல் என்பதை அறியாதவர். நம் நாட்டுப் பாதைகளும் இந்தக் கைகாட்டியையும் மணியையும் பிரிட்டனிலிருந்தே பெற்றவை என்பதால், தமிழ் வாசகருக்கு இதில் அந்நியத்தன்மை அதிகம் இருக்க நியாயமில்லை.

அடுத்தபடியாக, இது எந்த வருஷம் என்று நீங்களே கண்டுபிடிக்கப் பாருங்கள். பெயர்ப்பலகையைப் படித்துவிட்டால் இந்தச் சுகம் போய்விடும். ஸ்டேஷனுக்கு வெகு முன்பே எச்சரிக்கும் தூரத்துக் கைகாட்டியின் கை சிவப்பாக இருந்தால் காலம் பழையது. 1920-களில்தான் அது மஞ்சளாக மாறத் தொடங்கியது. பெட்டிகளில் எண்ணற்ற சிறு கம்பெனிகளின் முதலெழுத்துக்கள் காணப்பட்டால் 1923-க்கு முந்திய, அல்லது அதை ஒட்டிய நாட்கள். அந்த வருஷம் ஜனவரி முதல் தேதியன்று அவை நான்கு பெரிய கம்பெனிகளுக்குள் அடங்கிப்போயின. நிலக்கரிப் பெட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு சுரங்கத்தின் அல்லது ஒரு கரி வியாபாரியின் பெயரைப் பெரிய எழுத்துக்களில் தாங்கிக்கொண்டு, திருவிழாக் கடைத்தெருவைப்போல் வர்ணமயமாக இருந்தால், இரண்டாம் யுத்தத்துக்கு முந்திய காலம் என்று துணிந்து சொல்லலாம். 1948 ஜனவரியில் எல்லாம் தேசத்தின் சொத்தாயிற்று. 1968 ஆகஸ்டுடன் பெரும்பாதைகளில் நீராவி எஞ்சின்களின் சகாப்தம் முடிந்தது. எஞ்சினின் முகத்தில் மாட்டியிருக்கும் விளக்குகளும் பேசும்: அடியில் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று இருந்தால் விரைவு வண்டி, புகைபோக்கியின் முன் ஒன்றே ஒன்று இருந்தால் சாதாரண வண்டி. 1910-ஆம் வருஷத்து ஸ்டேஷனில் 1935-ஆம் வருஷத்து எஞ்சின் வந்து நிற்பது, சங்க காலத்து நாடகத்தில் கதாநாயகன் கைக்கடிகாரம் பார்ப்பதைப் போன்றது. ஆனால் அந்தக் குற்றத்தைக் கண்டதும் உரக்கச் சொல்லிக்காட்டுகிற ரசிகர்கள் இருக்கிறார்களே, அவர்களிடமிருந்து சற்று விலகியே நிற்பது உத்தமம்.

விரைவு வண்டிகள் வந்து போகட்டும். அவற்றில் பார்க்க அதிகமில்லை. கிராமத்துக்குக் கிராமம் நின்று ஓரிரு பெட்டிகளை விட்டும் எடுத்தும் செல்கிற கூட்ஸ் வண்டி வரும்போது நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஓடும் வண்டி நேராகப் பக்கத் தடத்துக்குள் திரும்பிவிடக் கூடிய பாயிண்டுகளைப் பயணிகள் செல்லும் தடத்தில் வைப்பதை அரசாங்கப் பரிசோதகர்கள் விரும்புவதில்லை; ஆகையால் நம் கூட்ஸ் வண்டி பாயிண்டைத் தாண்டிச் சென்று நின்று, பின்னோக்கியே சரக்குத் தடத்துக்குள் நுழைய வேண்டும். இந்த ஊருக்குரிய பெட்டிகள் எஞ்சினை ஒட்டியே கோக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அட்டை உண்டு. இது கரித் தடத்துக்கு, இது சரக்குக் கொட்டகைக்கு, இது ஆடுமாடு ஏற்றும் மேடைக்கு என்று அதில் குறித்திருக்கும். கொட்டகைக்குள் ஏற்கெனவே ஒரு பெட்டி பாதி இறக்கிய நிலையில் நின்றால், அதை வெளியே இழுத்து வைத்துவிட்டு, மற்றக் காரியங்களை முடித்து, மறுபடி அதே இடத்தில், கதவு மேடைக்கு நேராக இருக்கும்படி கொண்டுபோய் விட வேண்டும். சமையலறை அலமாரியில் பின்வரிசைச் சம்படத்தை எடுக்க முன்வரிசையை எல்லாம் இறக்கி ஏற்றுகிற குடும்பத் தலைவிக்கு இந்தப் பிரச்னையின் நுட்பம் ஒரு க்ஷணத்தில் விளங்கிவிடும். இதற்கிடையில் நான்கு அடி மணி கேட்கும். பின்னால் விரைவு வண்டி வருகிறது. எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, கார்டு பெட்டி உட்பட வண்டி முழுவதும் பெருந்தடத்தை விட்டு ஒதுங்க வேண்டும். ஒதுங்கி முடிந்ததா, முடியவில்லையா என்று கேபின்காரர் எட்டிப் பார்க்கும் அந்த அரை நிமிஷத்துக்கு ஈடாக எந்த வேகமும் எனக்குத் தோன்றியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொரு விஷயம், கனம். பிரிட்டனில் மிகுதியாக வழங்கும் அளவில் உருவம் 76 பங்கு குறைகிறது. அப்படிக் குறையும்போது கனமோ நாலு லட்சம் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. அறுபது டன் எஞ்சின் தன் கனத்தால் தயங்கிப் புறப்பட்டு, தயங்கி நின்றது. மேஜைமேல் இருக்கும் எஞ்சினுக்குத் தயங்குவதற்குக் காரணமே இல்லை. ஆகவே அந்தத் தயக்கத்தை ஓட்டுகிறவரின் விரல்தான் கொடுக்க வேண்டும். மரப்பாவைக்குக் கனமேது? ஆயினும் தேர்ந்த பொம்மலாட்டக்காரன் நூலை இழுக்கிற இழுப்பில் பாவை மூட்டை சுமந்து தள்ளாடுவதை நாம் கண்ணால் காண்கிறோமே, அந்தக் கலைதான் இதுவும். கணக்கும் உதவும்: மணிக்கு 60 மைல் வேகம் என்பது இந்த அளவில் விநாடிக்கு 35 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரைச் சாண், பெட்டிகளைத் தள்ளி அடுக்கும் எஞ்சினோ விநாடிக்கு ஒரு விரற்கடை நகர்ந்தால் போதுமானது. குதிரையால் மட்டும் இங்கே ஒன்றும் செய்ய முடியாது. அந்நாளில் பல ஸ்டேஷன்களில் பெட்டிகளை இழுத்து வைத்தவை குதிரைகளே. கடைசிக் குதிரை நியூமார்க்கெட்டில் 1967-இல்தான் ஓய்வு பெற்றது. மேஜையின் மேல் அது எந்நாளும் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறது.

வண்டிகள் எங்கிருந்து வந்து எங்கே போகின்றன என்று திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதும் தவறில்லை. ஒரு மைல் என்பது இந்த அளவிலும் 21 மீட்டர் நீளும் என்பதால், அடுத்த ஊரைக் காட்ட எவர் வீட்டிலும் இடம் போதாது. ஒரு பாலத்துக்கோ மரக்கூட்டத்துக்கோ அப்பால், மறைவான தடங்களில் வண்டிகள் தம் முறை வரும் வரை அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அதுவே நேபத்தியம். பக்கத்து ஊர்க் கேபினின் மணியை அடிக்கிற மனிதரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். பீட்டர் டென்னி என்ற ஆங்கிலத் திருச்சபைப் பாதிரியார், யுத்தத்துக்குப் பின் தொடங்கி வாழ்நாளெல்லாம் வளர்த்த பக்கிங்ஹாம் என்ற மாதிரிப் பாதையில், கிரேட் சென்ட்ரல் கம்பெனியின் எட்வர்டு மன்னர் காலத்து நாட்களை இவ்விதம் நடத்திவந்தார். உதவிக்கு இருந்த மகன் கிரிஸ்பின் வளர்ந்து வீட்டை விட்டுப் போனதும், மணிக்குப் பதில் மணி அடித்து ஒரு ஸ்டேஷனின் பொறுப்பைத் தானே ஏற்கும் யந்திரம் ஒன்றைச் செய்து, அதற்குத் 'தானியங்கிக் கிரிஸ்பின்' என்று பெயரும் சூட்டினார். மகனில்லாத வீட்டில் அந்த மணி ஒலித்திருக்கக்கூடிய விதத்தை நினைத்தால், யந்திரங்களைப் பற்றிய என் பொதுவான அவநம்பிக்கை சற்றுக் குறைகிறது.

அவசரப்பட்டுப் பாதியில் எழுந்துவிடாதீர்கள். கடைசி வண்டி வரை இருங்கள். இரண்டே பெட்டிகள் கொண்ட இரவு வண்டி வரும். அரக்கால் பிளாட்பாரத்தில் ஒட்டப்பட்ட பிரயாணிகள் எவரும் ஏறவும் மாட்டார்கள், இறங்கவும் மாட்டார்கள். இருந்தாலும் ஏறி இறங்குவதற்குரிய அவகாசம் வரை வண்டி கண்ணியமாக நிற்கும். கைகாட்டி இறங்கும். பின்புறத்துச் சிவப்பு விளக்கு பாலத்துக்கடியில் மறையும். அப்பாலிருந்து இரண்டும் ஒன்றுமாக மணி வரும். பிறகு கேபின்காரர் நெம்புகோல்களை எல்லாம் பழைய நிலைக்குத் தள்ளிவிட்டு, ஏழு, ஐந்து, ஐந்து என்று பதினேழு அடிகளை நிதானமாக அடிப்பார். கேபினை மூடுகிறேன் என்பது அதன் பொருள். மறுமுனையும் அதே பதினேழைத் திருப்பி அடிக்கும். அதை முழுவதும் எண்ணிவிட்டு எழுந்திருங்கள்.