பங்கு போட்ட சமாதானம்

லெபனான் உள்நாட்டுப் போருக்குப் பின் மீண்டெழுந்த கதையைச் சொல்லும் நூல்களில் பாதிக்கு மேல் பெய்ரூத்தின் நடுநகரத்திலேயே நின்றுவிடுகின்றன. காரணம் புரிகிறது. துப்பாக்கித் தோட்டாக்கள் துளைத்த கட்டடங்கள், அவற்றுக்குப் பக்கத்திலேயே பளபளக்கும் கடைவீதி. படம் எடுக்கவும் வாதம் செய்யவும் இதைவிடத் தோதான இடம் கிடையாது. ஆனால் அந்த நாட்டின் மறுகட்டுமானம் எப்படித் தடம் புரண்டது என்று அறிய நடுநகரத்தை விட்டு வெளியே வர வேண்டும். அண்மைக்கால ஆய்வுகளில் சிறந்தவை அதைத்தான் செய்கின்றன.

1975 ஏப்ரலில் மூண்ட போர் 1990 அக்டோபரில் ஓய்ந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய 1,50,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1989இல் சவுதி அரேபியாவின் தாயிஃப் நகரில் கூடியவர்கள் 1972இல் தேர்ந்தெடுக்கப்பட்ட பழைய நாடாளுமன்றத்தின் எஞ்சிய உறுப்பினர்கள். நாடாளுமன்ற இடங்களில் கிறித்தவர்களுக்கு 6, முஸ்லிம்களுக்கு 5 என்றிருந்த விகிதத்தைச் சரிபாதியாக்கினார்கள். மத அடிப்படையிலான பங்கீடு படிப்படியாக ஒழிக்கப்படும் என்றும் அங்கே உருவான ஒப்பந்தம் சொன்னது. அந்தப் பகுதி இன்றுவரை ஏட்டுச் சுரைக்காய்தான். 1991 ஆகஸ்டில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. படைத்தலைவர்கள் அமைச்சர்களானார்கள். சிறைக்குப் போன ஒரே பெருந்தலைவர் சமீர் ஜஜா.

பிறகு நடந்தது பாகப்பிரிவினை. இடம்பெயர்ந்தோருக்கான அமைச்சகம் துரூஸ் தலைவர் வலீத் ஜும்ப்லாத்திடம் போனது. தெற்கு லெபனானுக்கான மன்றம் ஷியாக்களின் அமல் இயக்கத்தின் பிடிக்குள் வந்தது; அதன் தலைவர் நபீஹ் பெர்ரி 1992 முதல் நாடாளுமன்ற சபாநாயகர். பெரிய ஒப்பந்தங்களைக் கையில் வைத்திருந்த வளர்ச்சி மற்றும் மறுகட்டுமான மன்றத்தில் அன்றைய பிரதமர் ரஃபீக் ஹரிரியின் ஆட்கள். ஆளுக்கொரு நிறுவனம், ஆளுக்கொரு நிதி. வீடிழந்தவர் இழப்பீட்டுக்கு நடந்தது அலுவலகத்துக்கு என்பதைவிடக் கட்சிக்காரர் வீட்டுக்கு என்பதே பொருந்தும்.

ரெய்னூட் லீண்டர்ஸ் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத்தான் நோண்டுகிறது. ஊழலுக்குப் பண்பாட்டின் மீது பழிபோடும் சோம்பல் விளக்கம் அவரிடம் இல்லை. ஒருவர் முடிவை மற்றவர் முடக்கலாம் என்ற ஏற்பாட்டில் உருவாகும் நிறுவனங்களுக்குத் தெளிவான விதியே அமையாது. விதியில்லாத இடத்தில் பேரம்தான் ஆட்சி செய்யும் என்பது அவர் வாதத்தின் சாரம். மின்சாரத்தைப் பாருங்கள். 1990களில் ஸஹ்ரானியிலும் தெய்ர் அம்மாரிலும் இயற்கை எரிவாயுவுக்கென வடிவமைத்த மின்நிலையங்கள் எழுந்தன. எரிவாயு ஒழுங்காக வந்து சேரவில்லை. அவை பெரும்பாலும் விலை கூடிய டீசலில்தான் ஓடின. மின் பற்றாக்குறையைத் தெருவுக்குத் தெரு ஜெனரேட்டர் முதலாளிகள் நிரப்பினார்கள். நடுநகரத்தைப் பற்றி அடுக்கடுக்காக எழுதியவர்கள் இதற்குச் சில பக்கமாவது கூடுதலாக ஒதுக்கியிருக்கலாம்.

நடுநகரத்தையும் முற்றாகத் தாண்டிவிட முடியாதுதான். 1991இன் ஒரு சட்டம் வழிவிட, அதைக் கட்டியெழுப்ப 1994இல் சொலிதேர் என்ற தனியார் நிறுவனம் அமைந்தது. உரிமையாளர்களின் நிலம் நிறுவனத்துக்கு, அவர்கள் கைக்குப் பங்குப் பத்திரம். பிரதமர் ஹரிரியே அதில் முக்கியப் பங்குதாரர். சாரீ மக்திசி 1997இல் எழுதிய கட்டுரையின்படி, மறுகட்டுமானம் தொடங்குமுன்பே அப்பகுதிக் கட்டடங்களில் ஏறத்தாழ 80 சதவீதம் சீர்செய்ய முடியாத நிலைக்கு வந்திருந்தன. போரினால் அந்நிலைக்கு வந்தவை மூன்றில் ஒரு பங்குதான். மீதியை இடித்தது புல்டோசர். ஹன்னஸ் பௌமன் 2016இல் ஹரிரியைப் பற்றி எழுதிய நூலோ கல்லைவிடக் கடனைக் கவனிக்கிறது. அரசு உயர்ந்த வட்டிக்குக் கடன் பத்திரம் விற்றது, உள்ளூர் வங்கிகள் வாங்கிக் கொழுத்தன, டாலருக்குச் சுமார் 1,500 லிரா என்று மாற்று விகிதம் கட்டிவைக்கப்பட்டது. 2020 மார்ச்சில் அரசு வெளிக்கடனைக் கட்ட மறுத்தபோது சேமிப்பாளர்கள் பணம் வங்கிகளில் சிக்கிப் பல மாதங்களாகியிருந்தன. சொலிதேர்தான் எல்லாத் தீமைக்கும் மூலம் என்று சொல்லும் எழுத்து இந்தக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

என் பார்வையில் இத்துறையின் ஆகச் சிறந்த நூல் ஹிபா பூ அகாரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு. அவர் போவது புறநகருக்கு. நடுநகர இடிபாடுகளில் ஒண்டியிருந்த ஷியா குடும்பங்கள் வெளியேறியபோது கிடைத்த இழப்பீட்டைக் கொண்டு சஹ்ரா ஷுவைஃபாத் என்ற வயல்வெளியில் அடுக்குமாடி வீடு வாங்கின. அது துரூஸ்களின் பழைய நிலம். விளைவு: நில வகைப்பாடு வேளாண்மை, தொழில், குடியிருப்பு என்று திரும்பத் திரும்ப மாற்றி எழுதப்பட்டது. மாடி எண்ணிக்கை, மனையின் அளவு, சாலை போகும் வழி ஒவ்வொன்றும் அடுத்த சண்டையை மனத்தில் வைத்துப் பேரம் பேசப்பட்டன. 2008 மே மாதம் அந்தப் பகுதியில் மோதல் வெடித்தபோது வரைபடத்தில் இருந்த கோடுகள் தெருவில் தெரிந்தன. நகரத் திட்டம் என்பது வளர்ச்சிக்கான கருவி என்று நம்பி வளர்ந்த நம்மூர்ப் பொறியாளர்களும் இதைப் படிக்கலாம்.

போர் நினைவு பற்றிய எழுத்து ஏராளம். கலைஞர்களும் நாவலாசிரியர்களும் அதைச் சுமந்திருக்கிறார்கள். பள்ளிகளுக்குப் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் என்று தாயிஃப் சொன்னது. போரை எப்படி எழுதுவது என்ற தகராறில் அது இன்னும் வரவில்லை. காணாமல்போனவர்கள் 17,000 பேர் என்பார்கள். வதாத் ஹலவானி 1982இல் தொடங்கிய குடும்பங்களின் குழு பல பத்தாண்டுகள் கதவு தட்டிய பிறகு, 2018இல்தான் காணாமல்போனவர்களைத் தேட ஒரு சட்டம் நிறைவேறியது.

பழைய ஆய்வுகள் இப்போது திடீரென்று அன்றாடச் செய்தியாகிவிட்டன. 2024இல் இஸ்ரேலுடனான போர் தெற்கையும் பெய்ரூத்தின் தென் புறநகரையும் நொறுக்கியது. மறுகட்டுமானத்துக்கும் மீட்புக்கும் 1,100 கோடி டாலர் வேண்டும் என்று 2025 மார்ச்சில் உலக வங்கி மதிப்பிட்டது. 2006இல் இஸ்ரேலுடன் நடந்த போருக்குப் பின் அதே புறநகரின் ஹாரத் ஹுரைக்கைத் தன் சொந்த நிறுவனத்தின் வழியாகக் கட்டியெழுப்பியது ஷியா ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லா. இம்முறை அதன் கையில் அவ்வளவு காசில்லை. காசு வைத்திருக்கும் நாடுகள் முதலில் ஆயுதம் அரசிடம் போகட்டும் என்கின்றன. முதலில் இஸ்ரேல் வெளியேறட்டும், வீடுகள் எழட்டும் என்கிறது ஹிஸ்புல்லா. ஆயுதம் அரசிடம் மட்டுமே இருப்பதற்கான திட்டம் தயாரிக்கும்படி 2025 ஆகஸ்டில் அமைச்சரவை ராணுவத்தைப் பணித்தபோது ஷியா கட்சிகளின் அமைச்சர்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போனார்கள்.