முடிவான சாட்சியம்: ஒரு பைலாவை வாசித்தல்

பைலாவைப் போய் பிரதி என்று சொல்லி வாசிப்பீர்களா என்று நண்பர் ஒருவர் கேலியாகக் கேட்டார். கவிதையைத் தப்பாக வாசித்தால் யாருடைய கடையும் காலியாகாது. பைலாவை வாசிக்காமல் விட்டால் ஆகிவிடும்.

எங்கள் ஊர்ச் சந்தையில் சுங்கம் உயர்ந்தபோது நகராட்சியில் விசாரித்தேன். ‘நகல் ஒட்டியாச்சு, முப்பது நாள் டைம் குடுத்தாச்சு, ஒரு ஆட்சேபணையும் வரல’ என்றார் எழுத்தர். பலகையைப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு, பூட்டு, உள்ளே ஆங்கிலத் தாள். கீரை விற்கும் அம்மாவிடம் சொன்னேன். ‘கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரு கேட்டா?’ என்றது. ‘ஒன்றும் வரல’ என்ற கோப்பின் வாக்கியமும், ‘யாரு கேட்டா?’ என்ற இந்தக் குரலும் ஒரே மௌனத்தின் இரண்டு பெயர்கள். கோப்பு அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறது.

1897ஆம் ஆண்டின் பொதுவாசகச் சட்டம், 23ஆம் பிரிவு. ‘முற்பிரசுரத்துக்குப் பின்’ விதி செய்யலாம் என்று ஒரு மத்தியச் சட்டம் சொன்னால் என்ன செய்ய வேண்டும் என்பதை இது வகுக்கிறது. நகலைப் பாதிக்கப்படக்கூடியவர்களின் தகவலுக்காக வெளியிட வேண்டும், எந்தத் தேதிக்குமேல் பரிசீலிக்கப்படும் என்று சொல்ல வேண்டும், வந்த ஆட்சேபணைகளைப் பரிசீலிக்க வேண்டும். இதுவரை நன்றாகத்தான் போகிறது. ஐந்தாவது உட்பிரிவில் பிரதி தன்னைத்தானே தின்றுவிடுகிறது: முற்பிரசுரத்துக்குப் பின் செய்ததாகச் சொல்லிக்கொண்டு விதி கெசட்டில் வந்துவிட்டால், அது முறைப்படி செய்யப்பட்டது என்பதற்கு அந்தப் பிரசுரமே முடிவான சாட்சியம். நடந்தது முக்கியமல்ல, நடந்ததாக அச்சேறியதே முக்கியம். அதிகாரச் சொல்லாடல் என்று நாம் மேற்கோள்களோடு பேசுவதைக் காலனியச் சட்டவரைவாளர் ஒரே வரியில் எழுதிவைத்திருக்கிறார்!

இது தாள்மேல் மட்டும் உள்ள ஆபத்தல்ல. உத்தரப்பிரதேச நகராட்சிச் சட்டத்தின் (1916) 135(3) வரி விஷயத்தில் இதையே சொல்கிறது. ராம்பூர் நகராட்சி தண்ணீர் வரி போட்டபோது, தீர்மானம் இந்தியில் வெளிவரும் உள்ளூர்ப் பத்திரிகையில் வரவேண்டும் என்றது சட்டம். நகராட்சி வெளியிட்டதோ உருதுப் பத்திரிகையில். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 1964இல் வந்த தீர்ப்பு வெளியிடுவதையும் வெளியிடும் விதத்தையும் பிரித்தது. வெளியிடுவது கட்டாயம், விதம் வெறும் வழிகாட்டல். ராம்பூரில் உருது வாசகர்கள் இருந்தார்கள், அநியாயம் நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தப் பிரிப்பு ராம்பூரோடு நிற்காது. எங்கே, எந்த மொழியில், எந்தப் பூட்டுக்குள் என்பதெல்லாம் ‘விதம்’ ஆகிவிட்டால், ‘வெளியிடுதல்’ என்பதில் மிச்சம் என்ன? 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை நகல் வந்தபோது இதே கேள்வி வேறு உருவில் திரும்பிவந்தது. எட்டாவது அட்டவணை மொழிகளில் பெயர்க்கச் சொல்லி தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. மொழி என்பது விதமல்ல, கேட்பவர் யார் என்பதே அதுதான்.

மூலச்சட்டம் வாய்மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். துள்சிப்பூர் வழக்கில் (1980) ஒரு கிராமத்தை நகர எல்லைக்குள் இழுத்தபோது, இது சட்டமியற்றும் தன்மையான செயல், கருத்துக் கேட்கத் தேவையில்லை என்றது உச்சநீதிமன்றம். ராம்பூரிலும் துள்சிப்பூரிலும் வழக்காடியது சர்க்கரை ஆலைகள் என்பதைக் கவனியுங்கள். கீரைக்காரம்மா போட்ட வழக்கல்ல இவை.

அதே நீதிமன்றம் 1951இல் ஹர்லா வழக்கில் வேறு குரலில் பேசியது. ஜெய்ப்பூர் அமைச்சர் குழு 1923இல் அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றியது, ஊருக்குச் சொல்லவில்லை. அதன்கீழ் விதித்த ஐம்பது ரூபாய் அபராதம் ரத்தானது. மக்களுக்குத் தெரியாமல் அறைக்குள் செய்த சட்டம் சட்டமாகாது என்றார் நீதிபதி விவியன் போஸ். எனக்குப் பிடித்த தீர்ப்பு. ஆனாலும் அது செய்து முடித்ததை அறிவிக்கத்தான் சொல்கிறது. செய்யுமுன் கேட்பது வேறு.

துணைவிதிகளைக் காப்பாற்ற நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடுக்கும் ஆயுதம் 1898இன் க்ரூஸ்–ஜான்சன் தீர்ப்பு. வீடுகளுக்கு ஐம்பது கஜத்துக்குள் போலீஸ்காரர் நிறுத்தச் சொன்ன பிறகும் பாடக்கூடாது என்ற கெண்ட் மாவட்டத் துணைவிதி அதில் பிழைத்தது. உள்ளூர் மன்றம் மக்களின் பிரதிநிதி, ஆகவே அதன் விதிகளைப் பரிவோடு வாசிக்க வேண்டும் என்றார் தலைமை நீதிபதி ரஸ்ஸல். பரிவுக்கு ஆதாரம் தேர்தல். சரி, தமிழ்நாட்டு நகர்ப்புற மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்குமேல் தனி அலுவலர் ஆட்சி. அந்தக் கையெழுத்துகளுக்கும் ரஸ்ஸலின் பரிவை நீட்ட முடியுமா? எனக்குத் தெரிந்து அந்தத் தர்க்கத்தில் அதற்கு இடமில்லை.

‘முடிவான சாட்சியம்’ நடைமுறைக் கோளாறை மூடும், இல்லாத அதிகாரத்தை உண்டாக்காது. ஆகவே அதிகாரம் எந்தப் பிரிவில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அப்புறம், இறுதிப் பிரசுரம் வருமுன்பே போய் நில்லுங்கள், பின்னால் போனால் ஐந்தாவது உட்பிரிவு வாசலில் உட்கார்ந்திருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் (2005) மூன்றே விஷயம் கேட்டிருக்கிறேன்: நகல் ஒட்டிய தேதி, அது இருந்த மொழி, ஆட்சேபணைகளைப் பரிசீலித்த குறிப்பின் நகல். சந்தைப் பெண்கள் பதினொரு பேர் கையெழுத்தும் ரேகையும் வைத்த ஆட்சேபணையையும் கொடுத்தோம். ‘தேதி போயிடுச்சே’ என்றார் எழுத்தர். ‘பரவால்ல சார், சீல் மட்டும் போட்டுக் குடுங்க’ என்றது கீரைக்காரம்மா. போட்டுக் கொடுத்தார்.