அடைக்குப் பாசாங்கு தெரியாது

கோதுமை மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்த இழுவைக்குக் காரணம் குளூட்டன் என்ற புரதம். அது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கென்று கடையில் விற்கும் ரொட்டிகளில் பெரும்பாலும் மாவுச்சத்தையும் பிசினையும் சேர்த்து அந்த இழுவைக்கு வேஷம் கட்டுகிறார்கள். அடைக்கு அந்தப் பாசாங்கு வேண்டாம். புழுங்கலரிசியோடு துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, கொஞ்சம் உளுந்து ஊறவைத்து, மிளகாயும் உப்பும் சேர்த்துக் கரகரப்பாக அரைத்தால் போதும். பருப்பின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் தோசைக்கல் சூட்டில் இறுகி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. நடுவில் குழி செய்து நல்லெண்ணெய் விட்டு, சிறுதீயில் வேகவிட்டால் ஓரம் மொறுமொறுக்கும். முருங்கைக்கீரை போட்டால் இன்னும் விசேஷம். சத்திலும் இரண்டும் பொருத்தம்: அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் பருப்பில் தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுகட்டுகிறது.

அடை வயிற்றில் கல்லாய்க் கிடக்கும் என்பார்கள். பருப்பை அள்ளிப் போட்டு, தடிமனாய் வார்த்து, அரைவேக்காட்டில் எடுத்தால் கிடக்கத்தான் செய்யும், குற்றம் கைப்பக்குவத்தினுடையது. குளூட்டனைத் தவிர்ப்பதே வெறும் மோஸ்தர் என்பது இன்னொரு ஆட்சேபம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு அதுதான் சிகிச்சை. கோதுமை ஒத்துக்கொள்கிற மற்றவர்கள் அதைக் கண்டு பயப்பட வேண்டாம், அடையை ருசிக்காகவே தின்னலாம். ஆனால் ஒன்று: அடைமாவில் வாசனைக்குச் சேர்க்கக் கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர் வீட்டில் இருந்தால் டப்பாவில் உள்ள சேர்மானங்களைப் படித்துவிட்டுப் போடுங்கள். சந்தேகமென்றால் பெருங்காயம் இல்லாமலே அரையுங்கள்.